தோட்டமில்லாத மாளிகை: ஆர்ட்டிமினோவின் வேட்டை வீடும் அதைச் சுற்றிய காடும்

இத்தாலியின் ஃப்ளோரன்ஸை ஆண்ட மெடிச்சி குடும்பத்தின் நாட்டுப்புற மாளிகைகள் என்றாலே எல்லோரும் முதலில் பேசுவது தோட்டங்களைப் பற்றித்தான். காஸ்தெல்லோவில் சதுரம் சதுரமாக வகுத்த பாத்திகள், போபொலியில் குகையும் சிலைகளும், பிரத்தோலினோவில் நீரூற்றுகள். ஆனால் அதே குடும்பம், தன் கைவசம் இருந்த ஆகச் சிறந்த கட்டடக் கலைஞரை வைத்துக் கட்டிய ஒரு பெரிய மாளிகைக்கு அப்படிப்பட்ட தோட்டமே கிடையாது. வாசலுக்கு முன்னால் புல்வெளி, அதைத் தாண்டினால் சரிவு, திராட்சை, ஒலிவ மரங்கள், அப்புறம் காடு. அவ்வளவுதான்.

இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில், ஃப்ளோரன்ஸ் நகருக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில், மொந்தல்பானோ குன்றுத்தொடரின் ஒரு முகட்டில் அது நிற்கிறது. பக்கத்து ஊரின் பெயர் ஆர்ட்டிமினோ. கட்டியவர் டஸ்கனியின் பெருங்கோமகன் (கிராண்ட் டியூக், அதாவது ஆட்சியாளர்) முதலாம் ஃபெர்டினாண்டோ என்பதால் மாளிகைக்கு 'லா ஃபெர்டினாண்டா' என்று பெயர். கூரையைப் பார்த்தவர்கள் 'நூறு புகைபோக்கி மாளிகை' என்றும் சொல்வார்கள். 1596இல் வேலை தொடங்கி 1600 வாக்கில் முடிந்தது. கட்டியது முதன்மையாக வேட்டைக்காக.

வேட்டை வீடு என்றதும் ராஜா பொழுதுபோக்கக் கட்டிய ஓய்வு மாளிகை என்று நினைத்து நகர்ந்துவிடுகிறோம். அந்த நினைப்போடு பார்த்தால் இந்தக் கட்டடத்தில் பாதிதான் கண்ணில் படும். ஆர்ட்டிமினோ ஒரு நிலப்பரப்பை ஆள்வதற்கான வீடு. அதற்குத் தோட்டம் இல்லாததற்கும் அதுதான் காரணம் என்பது என் கருத்து.

நகரத்து வியாபாரிகள் காட்டுக்கு வந்த கதை

மெடிச்சிகள் பரம்பரை அரசர்கள் இல்லை. வட்டிக்கடையும் கம்பளி வியாபாரமுமாக ஃப்ளோரன்ஸில் மேலே வந்தவர்கள். அவர்களுடைய பூர்வீகம் என்று சொல்லப்படும் முஜெல்லோ பள்ளத்தாக்கில் காஃபஜ்ஜோலோ, திரெப்பியோ என்று இரண்டு கோட்டை வீடுகள் இருந்தன. 15ஆம் நூற்றாண்டில் மிக்கெலோஸ்ஸோ என்ற கட்டடக் கலைஞர் அவற்றைத் திருத்திக் கட்டினார். பார்வைக்கு அவை இன்னும் கோட்டைகள்தான்: தடித்த சுவர், கோபுரம், மேலே படைவீரர் நடக்கும் பாதை. சுற்றிலும் விளைநிலம், வேட்டைக்காடு.

அடுத்த கட்டம் போஜ்ஜோ ஆ கையானோ. 1474இல் லொரென்ஸோ மெடிச்சி அந்த நிலத்தை வாங்கினார். ஜூலியானோ த சங்காலோ வரைந்த திட்டப்படி 1485 வாக்கில் வேலை தொடங்கியது. கோபுரமும் கொத்தளமும் போய், முகப்பில் பழைய ரோமானியக் கோயில் போன்ற தூண்கள் வந்தன. கிராமத்தில் வாழ்வதும் படிப்பதும் வேட்டையாடுவதும் சேர்ந்ததுதான் நல்ல வாழ்க்கை என்ற எண்ணம் அப்போது படித்தவர்களிடம் வேரூன்றியிருந்தது. ரோமானியர் பிளினியின் கடிதங்களைப் பழைய சுவடிகளிலிருந்து எடுத்து விரும்பிப் படித்த காலம். அவர் ஒரு கடிதத்தில், காட்டில் வலைக்குப் பக்கத்தில் எழுதுபலகையோடு உட்கார்ந்தபடியே மூன்று காட்டுப்பன்றிகளைப் பிடித்ததாக நண்பருக்கு எழுதுகிறார். மறுமலர்ச்சிக் கால மாளிகைகளின் மனநிலை அந்த ஒரு கடிதத்தில் இருக்கிறது.

ஆனால் 1537இல் முதலாம் கோசிமோ ஆட்சிக்கு வந்த பிறகு நிலைமை வேறு. ஃப்ளோரன்ஸ் இனிமேல் குடியரசு இல்லை. மெடிச்சிகள் பரம்பரை ஆட்சியாளர்கள். 1569இல் 'பெருங்கோமகன்' பட்டமும் வந்தது. பழைய வியாபாரக் குடும்பங்களுக்கு மேலே தாங்கள் ஒரு படி என்று தினமும் காட்ட வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு. ஐரோப்பாவில் அரசனுக்கு உரிய அடையாளங்களில் வேட்டை முக்கியமானது. யார் எங்கே எந்த மிருகத்தைக் கொல்லலாம் என்று சொல்லும் உரிமைதான் அரசுரிமையின் கண்ணுக்குத் தெரியும் வடிவம்.

இன்னொரு காரணமும் உண்டு. 1513இலேயே ஃப்ளோரன்ஸின் அரசியல் சிந்தனையாளர் மாக்கியவெல்லி, ஆள்பவன் எப்போதும் வேட்டைக்குப் போக வேண்டும் என்று எழுதினார். உடம்பு பழகும் என்பதோடு, மலை எப்படி எழுகிறது, பள்ளத்தாக்கு எங்கே திறக்கிறது, ஆறும் சதுப்பும் எப்படிக் கிடக்கின்றன என்று நாட்டைக் காலால் தெரிந்துகொள்ளலாம் என்பது அவர் வாதம். மெடிச்சிகள் அவரைச் சிறையில் போட்டவர்கள். இருந்தாலும் இந்த அறிவுரையை அவர்களுடைய வாரிசுகள் அப்படியே நடைமுறையில் காட்டினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

மொந்தல்பானோவைச் சுற்றி அவர்கள் வீடு பிடித்த விதத்தைப் பாருங்கள். கிழக்கு அடிவாரத்தில் போஜ்ஜோ ஆ கையானோ ஏற்கெனவே இருந்தது. தெற்கில் செர்ரெத்தோ குயிதியில் கோசிமோ ஒரு வேட்டை மாளிகை கட்டினார். வடக்கில் லா மாஜியாவை அவர் மகன் பிரான்செஸ்கோ 1580களில் வாங்கினார். ஆர்னோ ஆற்றங்கரையில் அம்புரோஜியானா, மேற்கில் மொந்தெவெத்தோலினி இரண்டும் ஃபெர்டினாண்டோ எழுப்பியவை. ஒரு குன்றுத்தொடர், அதைச் சுற்றி ஒரு வளையமாக மாளிகைகள். ஒன்றிலிருந்து புறப்பட்டு வேட்டையாடிக்கொண்டே போய் இரவு இன்னொன்றில் தங்கலாம். அந்தப் பக்கம் இருந்த பிஸ்தோயா நகரம் கோஷ்டிச் சண்டைக்குப் பேர்போனது. பெருங்கோமகன் எந்த வாரம் எந்தக் குன்றின்மேல் வந்து நிற்பார் என்று தெரியாத நிலையில் அங்குள்ளவர்கள் இருந்தார்கள். வளையத்தில் மிச்சமிருந்தது மேலே, முகட்டில் ஒரு வீடு. அதுதான் ஆர்ட்டிமினோ.

1587 அக்டோபர்

ஃபெர்டினாண்டோ ஆட்சிக்கு வந்ததே ஒரு வேட்டைப் பயணத்தின் முடிவில்தான். அவர் கோசிமோவின் இளைய மகன்களில் ஒருவர். பதின்வயதிலேயே கர்தினால் ஆக்கப்பட்டு ரோமில் வாழ்ந்தவர். குருப்பட்டம் பெற்றவர் இல்லை. அண்ணன் பிரான்செஸ்கோதான் பெருங்கோமகன். அண்ணனின் இரண்டாம் மனைவி பியாங்கா கப்பெல்லோவைத் தம்பிக்குப் பிடிக்காது. 1587 இலையுதிர்காலத்தில் சமாதானமாகப் போகலாம் என்று ஃபெர்டினாண்டோ டஸ்கனிக்கு வந்தார். போஜ்ஜோ ஆ கையானோவில் வேட்டை நடந்தது. சில நாளில் அண்ணனுக்குக் காய்ச்சல், அண்ணிக்கும் காய்ச்சல். அக்டோபர் 19ஆம் தேதி பிரான்செஸ்கோ இறந்தார். மறுநாள் பியாங்காவும் போனார்.

தம்பிதான் விஷம் வைத்தார் என்ற பேச்சு அன்றே கிளம்பி இன்றும் ஓயவில்லை. 2006இல் ஒரு ஆய்வுக்குழு ஆர்சனிக் தடயம் கண்டதாகச் சொன்னது. பின்னர் வேறொரு குழு பிரான்செஸ்கோவின் எலும்பில் கடும் மலேரியாவை உண்டாக்கும் கிருமியின் தடயத்தைக் கண்டது. இரண்டாவது முடிவு எனக்கு வலுவாகப் படுகிறது. போஜ்ஜோ ஆ கையானோ தாழ்வான இடம். ஆறும் சதுப்பும் பக்கத்திலேயே. இலையுதிர்காலத்தில் அங்கே நாட்கணக்கில் வேட்டையாடுபவருக்கு மலேரியா வருவதில் ஆச்சரியம் இல்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒன்பது வருடம் கழித்து அதே வட்டாரத்தில் புது வேட்டை வீடு கட்ட ஃபெர்டினாண்டோ இடம் தேடியபோது, கீழே பார்க்கவில்லை, மேட்டுக்குப் போனார். சதுப்பின் காற்றுதான் காய்ச்சலைக் கொண்டுவருகிறது என்று அன்றைய மருத்துவம் நம்பியது. போஜ்ஜோ ஆ கையானோவிலிருந்து சில கிலோமீட்டர்தான் என்றாலும் ஆர்ட்டிமினோ முகட்டில் எப்போதும் காற்று வீசும். அங்கிருந்து ஒரு பக்கம் ஃப்ளோரன்ஸ், ஒரு பக்கம் பிராத்தோ, பிஸ்தோயா சமவெளி, கீழே ஆர்னோ என்று எல்லாம் தெரியும்.

இடம் தேர்ந்த விதம் பற்றி 17ஆம் நூற்றாண்டில் எழுதிவைக்கப்பட்ட ஒரு கதை உண்டு. வேட்டைக்கு நடுவே இந்த முகட்டில் நின்றுகொண்டிருந்த ஃபெர்டினாண்டோ, தன் கட்டடக் கலைஞர் புவோந்தலென்தியைக் கூப்பிட்டு, 'நான் நிற்கும் இந்த இடத்தைச் சுற்றித்தான் எனக்கும் என் அரசவை முழுவதற்கும் போதுமான ஒரு மாளிகை வேண்டும், யோசித்துச் சீக்கிரம் கட்டு' என்ற பொருளில் சொன்னாராம். அப்படியே நடந்ததோ இல்லையோ, கட்டடத்தைப் பார்த்தால் அந்தக் கதை பொருந்துகிறது. ஒருவர் நின்று நாலா பக்கமும் பார்க்கும் புள்ளியில் வீடு எழுந்திருக்கிறது.

குளிருக்குக் கட்டிய வீடு

பெர்னார்டோ புவோந்தலென்தி (1531–1608) சும்மா ஒரு கட்டடக் கலைஞர் இல்லை. ஃப்ளோரன்ஸின் பெல்வெதெரே கோட்டையைக் கட்டியவர், போபொலி தோட்டத்தின் பெரிய குகையை அமைத்தவர், உஃபிஸி மாளிகையின் எண்கோண அறையை வடிவமைத்தவர். 1589இல் ஃபெர்டினாண்டோவுக்கும் லொரேன் நாட்டு இளவரசி கிறிஸ்தீனாவுக்கும் நடந்த திருமணக் கொண்டாட்டத்தில் மேகம் இறங்குவதும் கடல் பொங்குவதுமாக மேடை இயந்திரங்களைச் செய்து காட்டியவரும் இவரே. வாணவேடிக்கைக்கும் பேர்போனவர். ஆர்ட்டிமினோ கட்டும்போது அவருக்கு அறுபத்தைந்து வயது இருக்கும்.

இவர் முன்பு பிரான்செஸ்கோவுக்காகக் கட்டியது பிரத்தோலினோ. அது வெயில்கால மாளிகை. ஃப்ளோரன்ஸுக்கு வடக்கே உயரமான இடத்தில் நிழல், ஓடும் நீர், தானாக இசைக்கும் கருவிகள், திடீரென்று விருந்தாளிமேல் தண்ணீர் பீய்ச்சும் குழாய்கள் என்று முழுக்க முழுக்கத் தோட்டத்துக்காகவே உருவான இடம். ஆர்ட்டிமினோ அதற்கு நேர் எதிர். பெரிய வேட்டைக்குப் பருவம் இலையுதிர்காலமும் குளிர்காலமும். இலை உதிர்ந்தால்தான் காட்டுக்குள் கண் போகும். பன்றியும் மானும் கொழுத்திருக்கும். அந்த மாதங்களில் மழையில் நனைந்து, சேற்றோடு, பசியோடு ஒரு அரசவையே வீடு திரும்பும். அவர்களுக்கு வேண்டியது நெருப்பு. எனவே அறைக்கு அறை கணப்பு, கணப்புக்குக் கணப்பு ஒரு புகைபோக்கி. அங்கே நீர் செய்த வேலையை இங்கே நெருப்பு செய்கிறது.

அந்தப் புகைபோக்கிகளைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். சாதாரணமாகக் கட்டடக் கலைஞர்கள் புகைபோக்கியை ஒளித்துவைக்கத்தான் பார்ப்பார்கள். புவோந்தலென்தி அவற்றை வரிசையாகக் கூரைமேல் நிறுத்தி, வடிவத்தில் ஒன்றுக்கொன்று வேறுபடுத்தினார். ஒன்று சின்னக் கோபுரம் மாதிரி, ஒன்று உருளை, ஒன்றுக்கு மேலே கூடு வைத்த தொப்பி. மாளிகையின் சுவரோ அலங்காரமே இல்லாத வெள்ளைப் பூச்சு. சன்னல்களைச் சுற்றிச் சாம்பல் நிறக் கல், அவ்வளவுதான். முகப்பின் நடுவில் மட்டும் நாலு தூண் வைத்த திறந்த தாழ்வாரமும் மேலே ஒரு முக்கோண முகடும். மூலைகளில் அடித்தளம் கோட்டைக் கொத்தளம் போலச் சரிந்து இறங்குகிறது. கீழே அடக்கமான கோட்டை, மேலே ஆட்டம் போடும் கூரை. மேடை இயந்திரம் செய்த கை இந்தக் கூரையில் தெரிகிறது.

உள்ளே பெருங்கோமகனுக்கும் கிறிஸ்தீனாவுக்கும் தனித்தனி அறைத் தொகுதிகள். பாஸ்ஸிஞ்ஞானோ, பொச்செத்தி ஆகிய ஓவியர்கள் சில விதானங்களில் சுவரோவியம் தீட்டினார்கள். நிலவறையில் பண்ணைக்கான இடங்கள். இதை மறந்துவிடக் கூடாது: இந்த மாளிகை ஒரு பண்ணையின் தலைவாசலும்கூட. சுற்றியிருந்த நிலத்தை வாரத்துக்கு உழுத குடும்பங்கள் விளைச்சலில் பாதியைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்பது டஸ்கனியின் வழக்கம். மதுவும் ஒலிவ எண்ணெயும் அப்படி வந்தவை.

சுவரில் ஏறிய நாடு

மாளிகை முடியும் தறுவாயில், 1599 வாக்கில், கர்ராராவில் குடியேறியிருந்த ஜுஸ்தோ உட்டென்ஸ் என்ற பிளெமிய (இன்றைய பெல்ஜியப் பகுதி) ஓவியரிடம் ஃபெர்டினாண்டோ ஒரு வேலை கொடுத்தார். பெரிய கூடத்தில், விதான வளைவுகளுக்கு அடியில் வரும் அரைவட்டங்களில், மெடிச்சிகளின் மாளிகைகளையும் பண்ணைகளையும் ஒவ்வொன்றாக வரைய வேண்டும். மொத்தம் 17 படங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டரை மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரம். இன்று 14 மிஞ்சியிருக்கின்றன.

ஐரோப்பியக் கலை வரலாற்றில் இவற்றுக்கு ஈடான ஒரு தொகுதியைச் சொல்வது கடினம். எல்லாமே பறவைப் பார்வை. மாளிகையை மட்டும் வரையாமல், வாசல் சாலை, மதில், பாத்தி, பழத்தோப்பு, கிணறு, குதிரை லாயம், பின்னால் எழும் குன்று வரைக்கும் காட்டுகிறார். போஜ்ஜோ ஆ கையானோ படத்தில் மதிலுக்கு வெளியே உள்ள சாலையில் ஆட்கள் நடமாட்டம் தெரியும். வேறு சில படங்களில் நாய்களோடு வேட்டைக்காரர்கள் விரலளவு உருவங்களாகப் போய்க்கொண்டிருப்பார்கள். பிரத்தோலினோ படம் பூங்காவின் தெற்குப் பாதியை மட்டும் காட்டுகிறது. அந்த மாளிகையை 1820களில் இடித்துவிட்டார்கள். அது எப்படி இருந்தது என்று தேடும் எவரும் ஆர்ட்டிமினோவுக்காக வரைந்த இந்த ஒரு படத்திடம்தான் முதலில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

அழகைத் தாண்டி, இந்தக் கூடம் என்ன செய்தது என்று யோசித்துப் பாருங்கள். வெளிநாட்டுத் தூதரோ பிஸ்தோயாப் பிரபுவோ வேட்டை முடிந்து இங்கே வந்து கணப்புக்கு முன்னால் நிற்கிறார். அண்ணாந்தால் நாலு பக்கமும் மெடிச்சிகளின் சொத்து. காஃபஜ்ஜோலோவின் பழைய கோட்டையிலிருந்து செரவெஸ்ஸாவின் பளிங்கு மலைவரை ஒரு குடும்பம் 150 வருடத்தில் சேர்த்த நிலம். அதே மனிதர் சன்னல் வழியே எட்டிப் பார்த்தால் அந்த நாட்டின் ஒரு பகுதி நேரிலேயே விரிந்து கிடக்கும். பத்திரக் கட்டைப் பிரித்துக் காட்டினாலும் இவ்வளவு வலுவாகச் சொல்ல முடியாது. மிஞ்சிய 14 படங்களில் ஆர்ட்டிமினோ இல்லை.

தோட்டம் ஏன் இல்லை என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்லிவிடலாம். மறுமலர்ச்சித் தோட்டம் என்பது இயற்கையை ஒரு மதிலுக்குள் கொண்டுவந்து அடக்கிக் காட்டுவது. ஃபெர்டினாண்டோவுக்கு அடக்கிக் காட்ட வேண்டியிருந்தது ஒரு குன்றுத்தொடர் முழுவதும். அதை வாசலில் பாத்தியாகச் சுருக்கினால் விஷயம் சிறுத்துப்போகும். கண் நேராகக் காட்டுக்குப் போக வேண்டும் என்பதற்காகத்தான் புவோந்தலென்தி நடுவில் எதையும் வைக்காமல் விட்டார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

மதில்

காட்டை அடக்கும் வேலை ஃபெர்டினாண்டோவின் பேரன் காலத்தில் அப்பட்டமாகவே நடந்தது. 1626இல் 'பார்க்கோ ரியாலே' என்ற அரச வேட்டைக்காடு மதில் சூழ அமைக்கப்பட்டது. ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீளக் கல்மதில். உள்ளே சுமார் 4000 ஹெக்டேர். அரசாணை இரண்டாம் ஃபெர்டினாண்டோவின் பெயரில் வந்தாலும் அவருக்கு அப்போது வயது 16. ஆட்சி அவருடைய தாய், பாட்டி இருவர் கையிலும் இருந்தது. பாட்டி வேறு யாருமில்லை, 1589இல் மணப்பெண்ணாக வந்த அதே கிறிஸ்தீனா. வேதத்துக்கும் வானியலுக்கும் முரண் இல்லை என்று விளக்கி 1615இல் கலிலியோ நீண்ட கடிதம் எழுதியதும் இவருக்குத்தான்.

மதில் இரண்டு வேலை செய்தது. உள்ளே மானும் பன்றியும் வெளியேறாமல் பார்த்துக்கொண்டது. வெளியே இருந்தவர்களை உள்ளே வரவிடாமல் தடுத்தது. ஓடை மதிலைக் கடக்கும் இடங்களில், தண்ணீர் போக வேண்டும், மிருகம் போகக் கூடாது என்று தடுப்பு வைத்துக் கட்டினார்கள். வாயில்களும் காவலர்களும் இருந்தார்கள். காவல் வேட்டைக்காட்டில் அனுமதியில்லாமல் மிருகத்தைக் கொன்றால் மெடிச்சி சட்டத்தில் தண்டனை கடுமையானது.

வாரத்துக்கு உழுதவனின் நிலையில் நின்று பார்த்தால் இது வேறு கதை. பன்றிக் கூட்டம் இரவில் வயலைக் கிண்டிப்போட்டாலும் அவன் கைவைக்க முடியாது, மிருகம் பெருங்கோமகனுடையது. அவனுடைய விறகும் ஆடுமாட்டு மேய்ச்சலும் காட்டை நம்பித்தான் இருந்தன. பெரிய வேட்டை என்றால் மிருகங்களை மேட்டிலிருந்து கலைத்து வலைக்கும் ஈட்டிக்கும் முன்னால் ஓட்டிவர ஊர் ஆட்கள் வேண்டும். அவர்கள் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. இந்த மாளிகைகளைப் பற்றி எழுதும்போது விருந்தையும் ஓவியத்தையும் மட்டும் சொல்லிவிட்டு இதை விட்டுவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மாளிகை அழகு என்பதும் உண்மை, அந்த அழகின் சுமையைத் தூக்கியவர்கள் இவர்கள் என்பதும் உண்மை.

மதிலுக்கு ஒரு எதிர்பாராத மறுவாழ்வு கிடைத்தது. இரண்டாம் ஃபெர்டினாண்டோவின் மகன் மூன்றாம் கோசிமோ 1716 செப்டம்பர் 24இல் ஓர் ஆணை போட்டார். கியாந்தி, பொமினோ, கார்மிஞ்ஞானோ, மேல் ஆர்னோ பள்ளத்தாக்கு ஆகிய நாலு ஒயின் வட்டாரங்களின் எல்லையை வகுத்து, அந்த எல்லைக்குள் விளைந்த ஒயினை மட்டுமே அந்தப் பெயரில் விற்கலாம் என்றது ஆணை. இன்று நாம் புவிசார் குறியீடு என்று சொல்வதற்கு உலகிலேயே மிகப் பழைய முன்னோடிகளில் ஒன்று இது. ஆர்ட்டிமினோ கார்மிஞ்ஞானோ வட்டாரத்தைச் சேர்ந்தது. அந்த வட்டாரத்தின் எல்லையைச் சொல்லும்போது ஆணை வேட்டைக்காட்டு மதிலையும் அடையாளமாகக் காட்டுகிறது. மிருகத்துக்காகக் கட்டிய மதில் திராட்சைக்கு எல்லைக்கல் ஆனது. இன்றைக்கும் அங்கே 'பார்க்கோ ரியாலே தி கார்மிஞ்ஞானோ' என்ற பெயரில் சிவப்பு ஒயின் வருகிறது.

இந்த மூன்றாம் கோசிமோ நமக்கு முற்றிலும் அந்நியர் இல்லை. கோவாவில், முத்துக்குளித்துறையில் ஊழியம் செய்த புனித பிரான்சிஸ் சவேரியாரின் உடல் வைக்கப்பட்டிருக்கும் போம் ஜேசு பேராலயத்தில், பேழைக்கு அடியில் இருக்கும் பளிங்கு நினைவுமாடம் இவர் ஃப்ளோரன்ஸிலிருந்து அனுப்பிய காணிக்கை. 1698இல் அங்கே நிறுவினார்கள்.

விற்ற வீடு, பிறகு வந்த படிக்கட்டு

1737இல் கடைசி மெடிச்சிப் பெருங்கோமகன் ஜான் கஸ்தோனே வாரிசில்லாமல் இறந்ததும் டஸ்கனி ஹாப்ஸ்பர்க்–லொரேன் வம்சத்திடம் போனது. அந்த வம்சத்தின் பீட்டர் லியோபோல்டு சீர்திருத்தவாதி. 1786இல் மரண தண்டனையையே ஒழித்தவர். விளைநிலமும் வியாபாரமும்தான் நாட்டின் பலம் என்று நம்பிய அவருக்குப் பழைய வேட்டைக்காடுகள் சுமையாகத்தான் தெரிந்தன. பார்க்கோ ரியாலே கைவிடப்பட்டது. 1782இல் ஆர்ட்டிமினோ மாளிகையையும் பண்ணையையும் பார்த்தொலொம்மெயி என்ற பிரபுவுக்கு விற்றார். அதன் பிறகு தனியார் கைகளில் மாறி மாறி வந்தது. உட்டென்ஸின் படங்கள் ஃப்ளோரன்ஸுக்குப் போய்விட்டன.

இந்தத் தனியார் காலத்தில் நடந்த ஒரு விஷயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மாளிகையின் எந்தப் புகைப்படத்தை எடுத்தாலும் முதலில் கண்ணில் படுவது முகப்பிலிருந்து இறங்கும் அந்தப் பெரிய படிக்கட்டு. மேலே தாழ்வாரத்திலிருந்து நடுவாக ஒரு பாலம் போல வந்து, இரு பக்கமும் வளைந்து இறங்கும். புவோந்தலென்தியின் கைவண்ணம் என்று பார்த்ததும் தோன்றும். ஆனால் அதைக் கட்டியது 1930இல், என்ரிக்கோ லுசீனி என்ற கட்டடக் கலைஞர். அவருக்கு வழிகாட்டியது உஃபிஸியில் பாதுகாக்கப்பட்டிருந்த புவோந்தலென்தியின் வரைபடம். ஃபெர்டினாண்டோ அந்தப் படிக்கட்டில் கால் வைத்ததே இல்லை.

இது ஏமாற்று வேலையா என்று கேட்டால், இல்லை என்பேன். வரைந்தவர் மனதில் இருந்ததுதான் கல்லில் வந்திருக்கிறது. ஆனாலும் மாளிகையைப் படிக்கும்போது அதைக் கழித்துவிட்டுப் பார்ப்பது நல்லது. படிக்கட்டு இல்லாத முகப்பு இன்னும் இறுக்கமாக, கொத்தளத்தின்மேல் தூக்கி வைத்ததாக, கோட்டைக்கு நெருக்கமாகத் தெரியும். விருந்தாளியை 'வா' என்று அழைக்கும் முகம் 1930இல் வந்தது. தூரத்திலிருந்து நாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் முகம் 1600இன் முகம்.

2013இல் யுனெஸ்கோ, மெடிச்சிகளின் 12 மாளிகைகளையும் 2 தோட்டங்களையும் ஒரே தொகுதியாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆர்ட்டிமினோ அதில் உண்டு. தனித்தனியாகச் சேர்க்காமல் தொகுதியாகச் சேர்த்தது சரியான முடிவு, ஏனென்றால் இவை தொகுதியாக இருக்கத்தான் கட்டப்பட்டவை. இப்போது மாளிகை ஒயின் பண்ணையோடும் விடுதியோடும் சேர்ந்து இயங்குகிறது. கல்யாணங்களும் கூட்டங்களும் நடக்கின்றன. அந்தக் குன்றில் மெடிச்சிகளுக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, ரோமானியருக்கு முந்தைய இத்தாலிய மக்களான எட்ரூஸ்கர்கள் வாழ்ந்தார்கள். அவர்களுடைய கல்லறைகளில் கிடைத்த பொருட்கள் பக்கத்து ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

அங்கே போக வாய்ப்புள்ளவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். முதலில் ஃப்ளோரன்ஸ் புறநகரில் உள்ள லா பெத்ராயா மாளிகைக்குப் போங்கள். உட்டென்ஸின் 14 படங்களும் இப்போது அங்கேதான் இருக்கின்றன. அவற்றை நிதானமாகப் பார்த்துவிட்டு மறுநாள் ஆர்ட்டிமினோ ஏறுங்கள். நேரம் இருந்தால் கார்மிஞ்ஞானோ பக்கம் மொந்தல்பானோவின் நடைபாதைகளில் பார்க்கோ ரியாலே மதிலின் மிச்சங்களையும் தேடிப் பாருங்கள். புதர் மண்டிய இடங்களில் சில பகுதிகள் இன்னும் நிற்கின்றன. இலை உதிர்ந்த நவம்பரில் போனால் மதில் கண்ணுக்கு நன்றாகத் தெரியும், மாளிகையும் தன் பருவத்தில் இருக்கும்.